நோய் வர்றதுக்கு முன்னாடியே போடுற குளிசை: மலைநாட்டுல மொத தடவ கேக்குறவங்களுக்கு

காய்ச்சல் வந்தா குளிசை போடுறது எல்லாருக்கும் தெரியும். ஆனா நல்லா இருக்குற நேரத்துலயே, நோய் வராம இருக்கிறதுக்குன்னு போடுற குளிசையும் இருக்கு. எலிக்காய்ச்சலுக்கு இருக்கு, வயித்துப் பூச்சிக்கு இருக்கு, வெளிநாடு போறவங்களுக்கு மலேரியா குளிசை இருக்கு, வீட்டுல ஒருத்தருக்கு டி.பி. (காசநோய்) வந்தா மத்தவங்களுக்கு, முக்கியமா சின்னப் பிள்ளைங்களுக்கு, குடுக்குற மருந்து இருக்கு. நம்ம தோட்டப் பக்கம் இதுல ரெண்டு விதமா நடக்குது. சிலபேர் "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு மருந்து போடணும்"னு வாங்கினத அப்பிடியே சாமித்தட்டுல வச்சிட்டு விட்டுடுறாங்க, இன்னும் சிலபேர் பக்கத்து காம்பராக்காரருக்கு குடுத்ததுல ரெண்ட கேட்டு வாங்கி தாங்களும் போட்டுக்குறாங்க. ரெண்டுமே பிரயோசனம் இல்ல, ரெண்டாவது சில நேரம் ஆபத்தும் கூட.

இந்த மாதிரி மருந்துக்கெல்லாம் கணக்கு தான் உயிர். நாலே நாலு கேள்வி: யாருக்கு, எப்ப தொடங்கணும், எத்தன நாளைக்கு ஒருக்கா, எப்ப நிப்பாட்டணும். குளிசை கையில வாங்கும்போது இந்த நாலுக்கும் பதில் தெரியாம வெளிய வராதீங்க. ஒரே குளிசை கூட ஒரு நோய்க்கு கிழமைக்கு ஒருக்கா, இன்னொரு நோய்க்கு தினமும்னு மாறும், அத கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. டெங்குக்கு முன்கூட்டி போடுற குளிசை கிடையாது. தடிமன், இருமல், வைரஸ் காய்ச்சல் இதுக்கும் கிடையாது. "மழை தொடங்கிருச்சு, பிள்ளைக்கு வராம இருக்க அமொக்சிலின் ரெண்டு நாள் குடுத்து வைப்போம்"னு பாமசியில வாங்குற பழக்கம் நெறைய வீட்டுல இருக்கு, தயவுசெஞ்சு அத விட்டுடுங்க. அது பக்டீரியாவக் கொல்லுற மருந்து, வைரஸ ஒண்ணும் பண்ணாது, சும்மா சும்மா போட்டா நெசமாவே தேவைப்படுற நாள்ல அந்த மருந்து வேல செய்யாமப் போயிரும்.

எங்க போய் கேக்குறது

தோட்டத்துல இருக்கீங்கன்னா மொதல்ல டிஸ்பென்சரி. அங்க மருந்து இல்லாட்டியும் எந்த எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபிஸுக்குப் போகணும், உங்க ஏரியா பி.எச்.ஐ (பொதுச் சுகாதார பரிசோதகர்) யாரு, எந்த நாள்ல வருவாருன்னு சொல்லுவாங்க. கர்ப்பிணித் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைங்களுக்கும் மிட்வைஃப் தான் நேர் வழி, அவங்க வீட்டுக்கே வாறவங்க, கிளினிக்லயும் இருப்பாங்க. டி.பி. விஷயத்துக்கு மாவட்டத்துல இருக்குற மார்பு நோய் கிளினிக். மலேரியாவுக்கு மலேரியா தடை இயக்கம், அதுக்கு மாவட்டங்கள்ல பிராந்திய அதிகாரிங்க இருக்காங்க, எம்.ஓ.எச் ஆபிஸ்ல கேட்டா தொடர்புபடுத்தி விடுவாங்க.

அரசாங்கத்துல இதெல்லாம் இலவசம். டவுனுக்குப் போய் காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி இங்க கேளுங்க. காசு மட்டும் இல்ல விஷயம், இங்க குடுத்தா உங்க பேர எழுதி வைப்பாங்க, பக்கவிளைவு ஏதும் வந்தா திரும்பப் போய்க் கேக்க ஒரு எடம் இருக்கும்.

போகும்போது இதெல்லாம் கையோட கொண்டு போங்க: கிளினிக் கொப்பி, இப்ப போடுற மருந்து எல்லாம் (பெட்டியோட, பேர் ஞாபகம் வச்சு சொல்லுறது சரி வராது), முன்னாடி எந்த மருந்துக்காவது உடம்பு தடிச்சது, மூச்சு இறுக்கினது உண்டுன்னா அந்த விவரம். பொம்பளைங்க கர்ப்பமா இருந்தா, இருக்கலாம்னு சந்தேகம்னா, பிள்ளைக்குப் பால் குடுக்குறீங்கன்னா அத அவங்க கேக்காட்டியும் நீங்களாவே சொல்லுங்க. வலிப்புக்கு, இரத்தம் உறையாம இருக்கிறதுக்கு மருந்து போடுறவங்களும் கண்டிப்பா சொல்லணும், அந்த மருந்துங்களும் இந்தக் குளிசைங்க சிலதும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது.

இன்னொண்ணு. குளிசை உறையில சிங்களத்துல, இல்லாட்டி இங்கிலீஷ்ல கிறுக்கி இருந்தா "தமிழ்ல எழுதிக் குடுங்க"ன்னு கேக்க வெக்கப்படாதீங்க. அங்க தமிழ் தெரிஞ்சவங்க யாரும் இல்லாட்டி அவங்க வாயால சொல்லுறத நீங்களே கொப்பியில எழுதி, திரும்ப ஒருக்கா வாசிச்சுக் காட்டி சரியான்னு கேட்டுக்கங்க. வீட்டுக்கு வந்தப்புறம் உறையப் பாத்து ஊகிக்கிற வேலை வேணாம்.

எலிக்காய்ச்சல் குளிசை

இது தான் நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குறது, அதனால இதக் கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

எலியோட மூத்திரத்துல இருந்து வர்ற கிருமி, மாடு, பன்னி, நாய் மூத்திரத்துலயும் இருக்கும். அது சேத்துலயும் தேங்கின தண்ணியிலயும் கெடந்து, காலுல கையில இருக்குற சின்ன வெட்டு, கீறல், பித்தவெடிப்பு வழியா, கண்ணு வாய் வழியா உள்ள போகும். ரத்னபுரி, கேகாலை, களுத்துறை பக்கம் இது எப்பவும் கூடுதலா வரும். 2008ல நாடு முழுக்க 7000 பேருக்கு மேல சந்தேகத்துல பதிவாச்சு, அந்த வருஷம் மாத்தளைப் பக்கமும் நல்லா அடிச்சுது. ஆகவே "இது வயல்காரங்க நோய், நமக்கு இல்ல"ன்னு நெனைக்க வேணாம். தோட்டத்துல சம்பளம் பத்தாம கீழ எறங்கி வயல் வேலைக்குப் போற பெடியங்க எத்தன பேர், மாணிக்கக் குழிக்கு எறங்குறவங்க எத்தன பேர், கான் வெட்டுறது, கான் சுத்தம் பண்றது, மாட்டுப் பட்டி கழுவுறது, மரக்கறித் தோட்டத்துல வெறுங்காலோட தண்ணி பாய்ச்சுறது, வெள்ளம் வந்து வடிஞ்ச வீட்டக் கழுவுறது, இதெல்லாம் அதே கணக்குத் தான்.

இதுக்குக் குடுக்குறது டொக்சிசைக்ளின். ஒரு குளிசை 100 மில்லிகிராம், ரெண்டு சேத்து 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒரே ஒருக்கா. 1980கள்ல பனாமா காட்டுல பயிற்சிக்குப் போன அமெரிக்க ராணுவக்காரங்க 940 பேருல இதப் பரிசோதிச்சுப் பாத்தாங்க, பாதிப் பேருக்கு இந்த மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. வெறும் குளிசை போட்டவங்கள்ல 20 பேருக்கு எலிக்காய்ச்சல் வந்துச்சு, மருந்து போட்டவங்கள்ல ஒருத்தருக்கு மட்டும். ஆனா அவங்க அங்க இருந்தது சில கிழமை தான். அந்தமான்ல, வருஷா வருஷம் நோய் பரவுற எடத்துல, பாத்தப்போ கிருமி உள்ள போறத இந்த மருந்து நிப்பாட்டல, ஆனா நோயா வெளிய வர்றதக் குறைச்சுது. அதனால இதப் போட்டா வரவே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வர்ற வாய்ப்பக் குறைக்கும், அது தான் நெசம்.

இப்ப அந்த நாலு கேள்வி.

யாருக்கு: சேறு, தண்ணியில எறங்கி வேல செய்யப் போற பெரியவங்களுக்கு. கர்ப்பிணிங்களுக்கு இல்ல, பால் குடுக்குற தாய்மாருக்கு பொதுவா குடுக்க மாட்டாங்க, சின்னப் பிள்ளைங்களுக்கும் இல்ல, வளர்ற பல்லுல கறை பிடிக்க வைக்கும். அந்த வகை மருந்து ஒத்துக்காதவங்களுக்கும் இல்ல. அவங்களுக்கு வேற வழி உண்டான்னு டொக்டர் தான் பாக்கணும்.

எப்ப தொடங்கணும்: தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி. இதத் தான் நம்மாளுங்க தவற விடுறாங்க. வயலுக்குப் போய் ரெண்டு கிழமை கழிச்சு, பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு வந்துருச்சுன்னு கேள்விப்பட்டு ஓடுறாங்க. பெரும்போகம், சிறுபோகம் தொடங்குற நேரத்துல பி.எச்.ஐ பட்டியல் எடுப்பாரு, அப்பவே பேரக் குடுத்துடுங்க. வேற ஊருக்கு வேலைக்குப் போறீங்கன்னா போறதுக்கு முன்னாடி உங்க ஊர்லயே கேளுங்க, அங்க போய் யாரக் கேக்குறதுன்னு தெரியாம நிப்பீங்க.

எத்தன நாளைக்கு ஒருக்கா: கிழமைக்கு ஒருக்கா, ஒரே நாள்ல. ஞாயித்துக்கிழமைன்னு வச்சா ஞாயித்துக்கிழமை தான். லீவு நாளா இருந்தா காலையில சாப்பிட்டு ஆற அமரப் போடலாம், பிரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் குடுக்குற எடத்துக்கு) ஓடுற அவசரம் இருக்காது.

எப்ப நிப்பாட்டணும்: அந்த வேல முடியும்போது. வேல முடிஞ்ச கிழமையில கடைசியா ஒருக்கா போடச் சொல்லுவாங்க, அதக் கேட்டு வச்சுக்கங்க. வருஷம் முழுக்கப் போடுற மருந்து இல்ல இது.

போடுற விதத்துலயும் விஷயம் இருக்கு. வெறும் வயித்துல போட்டா கொமட்டும், பலபேர் "அது நமக்குச் சேரல"ன்னு விடுறது இதனால தான், அதனால சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. ஒரு கிளாஸ் நெறைய தண்ணி குடிக்கணும், ஒரு மொடக்கு பத்தாது, குளிசை தொண்டைக்குழியில ஒட்டிக்கிட்டா அந்த எடம் புண்ணாகி நெஞ்சு எரியும், எச்சில் முழுங்கவே வலிக்கும். போட்ட கையோட படுக்கக் கூடாது, அரை மணித்தியாலமாவது ஒக்காந்தோ நின்னோ இருங்க. ராத்திரி படுக்கப் போகும்போது போடவே வேணாம்.

தண்ணியில தான் போடணும், பால் தேத்தண்ணியில வேணாம். அத விட முக்கியம் இரும்புச்சத்துக் குளிசை. நம்ம பொம்பளைங்க நெறைய பேர் இரத்தம் குறைவுன்னு அதப் போட்டுக்கிட்டு இருக்காங்க, ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் குடுக்குறாங்க. இரும்பும் டொக்சிசைக்ளினும் வயித்துல ஒண்ணா சேந்தா மருந்து உடம்புல சேராம அப்பிடியே வெளிய போயிரும். கல்சியம் குளிசை, வயித்தெரிச்சலுக்கு குடிக்கிற வெள்ள மருந்து இதுவும் அதே மாதிரி. டொக்சி காலையில போட்டா அன்னைக்கு இரும்புக் குளிசைய ராத்திரிக்குத் தள்ளுங்க.

வெயிலையும் சொல்லணும். இந்த மருந்து போட்டா சிலபேருக்கு வெயில் பட்ட எடம் சிவந்து எரியும். மலையில நாள் முழுக்க நிக்கிறவங்க முழுக்கை சட்ட, தலையில துண்டு, தொப்பி இல்லாம போகாதீங்க. நுவரெலியா குளிருல வெயில் சுடாது, ஆனா தோல் எரிக்கிறது சூடு இல்ல, வெயிலோட கதிர், உசரம் கூடக் கூட அது கூடத் தான் அடிக்கும்.

குளிசை போட்டாச்சுன்னு வெட்டுக்காயத்தோட சேத்துல எறங்காதீங்க. காயத்த தண்ணி போகாத பிளாஸ்டர் போட்டு மூடுங்க, பூட்ஸ் இருந்தா போடுங்க, இல்லாட்டி தோட்ட நிர்வாகத்துக்கிட்ட கேளுங்க. வேல முடிஞ்ச கையோட சவுக்காரம் போட்டு கால் கழுவுங்க.

பூச்சிக் குளிசை

எல்லாருக்கும் தெரிஞ்சது, அதனாலயே யாரும் பெருசா எடுக்குறதில்ல. இலங்கையில கொக்கிப்புழுவுக்கு எதிரான பெரிய வேலையே நம்ம தோட்டங்கள்ல தான் தொடங்கிச்சு, 1916ல ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரங்க வந்து செஞ்சாங்க. மருந்து குடிச்சவங்களுக்கு புழு போச்சு, கொஞ்ச நாள்ல திரும்ப வந்துச்சு, ஏன்னா கக்கூஸ் கட்டிக் குடுக்க தோட்டத்துத் துரைமார் நெறைய பேர் முன்வரல. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னமும் சில லயத்துல (தோட்டத்து வரிசை வீடுகள்ல) நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். இதச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியுது.

மருந்து மெபெண்டசோல் 500 மில்லிகிராம், இல்லாட்டி அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே தடவ. ஸ்கூல்லயும் கிளினிக்லயும் குடுப்பாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு எந்த வயசுல இருந்து, எத்தன மாசத்துக்கு ஒருக்கான்னு மிட்வைஃப் பிள்ளையோட கொப்பியப் பாத்துச் சொல்லுவாங்க. கொப்பியில பதிஞ்சிருக்கான்னு நீங்களும் பாருங்க. முழுசா முழுங்க முடியாத பிள்ளைக்கு நசுக்கிக் குடுக்கலாம், அழுதுகிட்டு இருக்கும்போது வாயத் தொறந்து திணிக்காதீங்க, புரையேறும், அது புழுவ விட ஆபத்து.

கர்ப்பிணிங்களுக்கு மொத மூணு மாசம் குடுக்க மாட்டாங்க, அதுக்கப்புறம் கிளினிக்ல குடுப்பாங்க. "வயித்துல பிள்ள இருக்கும்போது பூச்சி மருந்தா"ன்னு மாமியார்மார் தடுக்குறது உண்டு. கொக்கிப்புழு குடல்ல ஒட்டிக்கிட்டு இரத்தத்த உறிஞ்சும், ஏற்கனவே இரத்தம் கொறஞ்ச தாய்க்கு பிரசவத்துல இரத்தம் போச்சுன்னா தாங்குற சக்தி இருக்காது, அதுக்காகத் தான் குடுக்குறாங்க. கிளினிக்ல குடுத்தா பயப்படாம போடுங்க, மூணு மாசம் ஆகலன்னா மட்டும் நீங்களே நிப்பாட்டிக் கேளுங்க.

இது இப்ப குடல்ல இருக்குற புழுவக் கொல்லும், நாளைக்கு உள்ள வர்றத தடுக்காது. அதனால தான் திரும்பத் திரும்பக் குடுக்குறாங்க, அதனால தான் பிள்ளைக்கு செருப்பும் வேணும்.

வீட்டுல ஒருத்தருக்கு டி.பி. வந்தா

ஒரு காம்பராவுல ஆறு ஏழு பேர் படுக்குற லயத்துல ஒருத்தர் மாசக்கணக்குல இருமிக்கிட்டு இருந்தா கிருமி மத்தவங்க நெஞ்சுக்குள்ளயும் போயிருக்கலாம். போன எல்லாருக்கும் நோய் வராது, பலபேருக்கு அது உள்ளயே தூங்கிக்கிட்டு கெடக்கும், சிலபேருக்கு மட்டும் பின்னாடி முழிச்சுக்கும். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு அது ரொம்ப சீக்கிரம் முழிச்சுக்கும், மூளைக்குக் கூடப் போகும். பொறந்தப்போ போட்ட பி.சி.ஜி. ஊசி கடுமையான நோயக் கொஞ்சம் தடுக்கும், முழுசா இல்ல.

அதனால வீட்டுல ஒருத்தருக்கு டி.பி.ன்னு தெரிஞ்சா, அவருக்கு மருந்து தொடங்குன கிழமையிலயே வீட்டுல உள்ள மத்தவங்க எல்லாரும் மார்பு நோய் கிளினிக்குக்குப் போங்க. அங்க மொதல்ல உங்களுக்கு நோய் இருக்கா இல்லையான்னு பாப்பாங்க, எக்ஸ்ரே, கையில போடுற தோல் ஊசி, சளி சோதனை, யாருக்கு எது தேவையோ அது. இந்தப் படியத் தாண்டக் கூடாது. நோய் ஏற்கனவே இருக்குற ஒருத்தருக்கு தடுப்பு மருந்து ஒண்ண மட்டும் குடுத்தா கிருமி அந்த மருந்துக்குப் பழகிரும், அப்புறம் அவருக்கு வைத்தியம் பாக்குறதே பெரும்பாடு. ஆகவே, நோயாளிக்குக் குடுத்த குளிசையில கொஞ்சத்த பிள்ளைக்கு ஒடச்சுக் குடுக்குறத கனவுலயும் செய்யாதீங்க.

நோய் இல்லன்னு உறுதியானப்புறம் தான் தடுப்பு மருந்து. ஐசோனியசிட்னு ஒண்ணு இருக்கு, தினமும், 6 மாசம். பிள்ளையோட எடையப் பாத்து அளவு போடுவாங்க. இப்ப 3 மாசத்துல முடியுற வேற முறைங்களும் வந்திருக்கு, எது யாருக்குன்னு டொக்டர் முடிவு பண்ணுவாரு. ரிஃபாம்பிசின் சேர்ந்த மருந்துன்னா மூத்திரம், கண்ணீர் எல்லாம் செம்மஞ்சளாப் போகும், அது மருந்தோட நிறம் தான், பயந்து நிப்பாட்டிடாதீங்க. குடும்பக் கட்டுப்பாட்டு குளிசை போடுறவங்க, கர்ப்பம் தங்காம இருக்க கையில தோலுக்கு அடியில குச்சி வச்சிருக்கிறவங்க ரிஃபாம்பிசின் தொடங்குறதுக்கு முன்னாடி சொல்லணும், அது அந்தப் பாதுகாப்பக் குறைச்சிடும்.

பயப்பட வேண்டியது வேற: சாப்பாடு பிடிக்காமப் போறது, தொடர்ந்து வாந்தி, கண்ணு மஞ்சளாகுறது. ஈரல்ல பாதிப்பு வந்திருக்கலாம், அன்னைக்கே மருந்த நிப்பாட்டி கிளினிக்குக்குப் போங்க. குடிக்கிறவங்களுக்கு இது கூடுதலா வரும், அந்த மாசங்கள்லயாவது குடிய முழுசா விடணும், இத நான் கும்பிட்டுக் கேக்குறேன். கை கால் விறுவிறுன்னா அதுக்கு பி6 விட்டமின் குடுப்பாங்க, கேளுங்க.

ஆறு மாசம் நல்லா இருக்குற பிள்ளைக்கு தினமும் மருந்து குடுக்குறது லேசு இல்ல. ரெண்டாவது மாசத்துலயே அம்மாவுக்கு அலுத்துரும், பாட்டி "பாவம் பிள்ள, விடு"ம்பாங்க. சாமி கும்பிடுற நேரமோ பல்லு வெளக்குற நேரமோ ஏதோ ஒண்ணோட சேத்து வைங்க. லயத்துல நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு கிளினிக்குக்கு ஒளிஞ்சு போறவங்க இருக்காங்க, போகாமலே விடுறவங்களும் இருக்காங்க. டி.பி. காத்துல பரவுற ஒரு கிருமி, அதுக்கு சாதி, சுத்தம், ஒழுக்கம் எதுவும் தெரியாது. உங்க பக்கத்து காம்பராவுல யாருக்காவது வந்தா நீங்களாவது அந்த வீட்டு ஆளுங்களோட வழக்கம் போலப் பேசுங்க.

வெளிநாடு போறவங்களுக்கு மலேரியா குளிசை

இலங்கையில உள்ளூர்லயே பரவிக்கிட்டு இருந்த மலேரியாவுல கடைசி நோயாளி 2012ல. 2016 செப்டெம்பர்ல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடுன்னு சான்று குடுத்துச்சு. 1934-35ல இதே நாட்டுல கிட்டத்தட்ட 80,000 பேரக் கொன்ன நோய் இது. ஆனா அதப் பரப்புற நுளம்பு இன்னமும் கீழ் நாட்டுல இருக்கு, வெளிநாட்டுல இருந்து யாராவது உடம்புல கொண்டு வந்தா திரும்பப் பரவலாம்.

நம்ம பக்கத்துப் பெடியங்க இப்ப ஆப்பிரிக்கா நாடுகளுக்கு கார்மெண்ட் வேலைக்கு, கட்டட வேலைக்குப் போறாங்க, மடகஸ்காருக்கு மாணிக்கக் கல் வியாபாரத்தோட போறவங்களும் உண்டு. இந்தியாவுக்கு கோயில் யாத்திரை போறவங்க நெறைய. டுபாய், குவைத், கட்டார் போறவங்களுக்கு இந்தக் குளிசை தேவைப்படாது, சவுதின்னா எந்தப் பக்கம்னு சொல்லிக் கேளுங்க. எந்த நாடு, எந்த ஊர், எத்தன மாசம்னு சொன்னா மலேரியா தடை இயக்கம் பாத்து இலவசமா குடுக்கும். டிக்கட் போட்ட உடனேயே கேளுங்க, பயணத்துக்கு முந்தின நாள் போய் நின்னா சில மருந்து குடுக்க முடியாது.

முக்கியமா மூணு வகை இருக்கு. மெஃப்ளோகுயின்: கிழமைக்கு ஒருக்கா, போறதுக்கு ரெண்டு மூணு கிழமைக்கு முன்னாடியே தொடங்கணும், திரும்பி வந்து 4 கிழமை வரைக்கும் போடணும். வலிப்பு, மன அழுத்தம், மனநோய் இருந்தவங்களுக்கு இது ஆகாது, மறைக்காமச் சொல்லுங்க. டொக்சிசைக்ளின்: தினமும் 100 மில்லிகிராம், போறதுக்கு ஒண்ணு ரெண்டு நாளைக்கு முன்னாடி தொடங்கி, வந்து 4 கிழமை வரைக்கும். அட்டோவாகுவோன் புரோகுவானில்னு ஒரு சேர்ப்பு மருந்து: தினமும், வந்து 7 நாள்ல முடியும்.

மேல எலிக்காய்ச்சலுக்கு சொன்ன அதே டொக்சி தான் இங்கயும் வருது, ஆனா அங்க கிழமைக்கு ஒருக்கா 200, இங்க தினமும் 100. கிழமைக்கு ஒருக்கா போட்டுட்டு உகண்டாவுல இருந்தா மலேரியாவுக்கு எதிரா உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.

ஊருக்கு வந்தப்புறமும் நாலு கிழமை ஏன்? நுளம்பு கடிச்ச உடனே கிருமி ஈரலுக்குள்ள போய் ஒளிஞ்சு பெருகும், அப்புறம் தான் இரத்தத்துக்கு வரும். மெஃப்ளோகுயினும் டொக்சியும் இரத்தத்துக்கு வந்ததத் தான் நல்லாக் கொல்லும். கடைசி நாள் கடிச்ச நுளம்போட கிருமி நீங்க ஹட்டன்ல வந்து எறங்கினப்புறம் தான் வெளிய வரும், அப்ப இரத்தத்துல மருந்து இருக்கணும். மூணாவது வகை ஈரல்லயே அடிக்கும், அதனால தான் அது சீக்கிரம் முடியுது. வீட்டுக்கு வந்துட்டோம், இங்க தான் மலேரியா இல்லையேன்னு நிப்பாட்டுறவங்க மாட்டிக்கிறது இதுல தான்.

அங்க இருக்கும்போது நுளம்பு வலைய விடாதீங்க, குளிசை இருந்தாலும்.

கடிபட்டதுக்கு அப்புறம் போடுறது

நாய், பூனை, குரங்கு கடிச்சா, பிராண்டினா 15 நிமிஷம் சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவி, அன்னைக்கே ஆஸ்பத்திரி. விசர்நாய்க்கடி ஊசி தவணைக்குத் தவணை போடணும், ஒண்ணு போட்டுட்டு நாய் நல்லாத் தானே இருக்குன்னு நீங்களா விட வேணாம், நாயப் பாத்து நிப்பாட்டலாமான்னு சொல்ல வேண்டியது டொக்டர். மஞ்சள், மிளகாத்தூள் அப்பாதீங்க. அந்த நோய் ஒருக்கா தொடங்கிட்டா காப்பாத்த முடியாது, இதுல அரை நாள் யோசிக்கிறதுக்கும் எடம் இல்ல.

எச்.ஐ.வி. தொத்தியிருக்கலாம்ங்கிற மாதிரி ஏதாவது நடந்துருச்சுன்னா, பாவிச்ச ஊசி குத்தினதோ, பலாத்காரமோ எதுவா இருந்தாலும், 72 மணித்தியாலத்துக்குள்ள மருந்து தொடங்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் போடணும். மாவட்ட பாலியல் நோய் கிளினிக், இல்லாட்டி பெரிய ஆஸ்பத்திரி. அங்க பேசுறத வெளிய விடமாட்டாங்க.

வீட்டுல வச்சுக்கிற முறை

கடையில வருஷப்பொறப்புக்கு குடுக்குற கலண்டர்ல குளிசை நாளுக்கு மேல பேனாவால வட்டம் போடுங்க, போட்டப்புறம் அடிச்சு விடுங்க. வீட்டுல மூணு பேருக்கு மூணு மருந்துன்னா மூணு நிறம். போன் இருக்குறவங்க அலாரம் வைங்க, ஆனா கரண்ட் போய் சார்ஜ் இல்லாத நாளும் நம்ம பக்கம் வரும், கலண்டர் எப்பவும் சுவத்துல இருக்கும்.

அடுப்புக்கு மேல உள்ள தட்டுல வைக்காதீங்க, சூடும் புகையும். ஈரச் சுவரு ஓரமும் ஆகாது, மழை மாசத்துல குளிசை உறையிலயே கரைஞ்சு ஒட்டிரும். மூடி இறுகுற டப்பாவுல போட்டு பிள்ளைங்க கைக்கு எட்டாத எடத்துல. திகதி முடிஞ்சத போடக் கூடாது, மிஞ்சினத அடுத்த வருஷத்துக்குன்னு சேத்து வைக்கவும் கூடாது, திரும்பக் கொண்டு போய் டிஸ்பென்சரியில குடுத்துடுங்க.

ஒருக்கா மறந்துட்டா ஞாபகம் வந்த உடனே போடலாம், அடுத்ததுக்கு நேரம் கிட்டிருச்சுன்னா ரெண்ட சேத்து முழுங்க வேணாம். ரெண்டு மூணு தடவ விட்டுட்டீங்கன்னா குடுத்தவங்ககிட்டப் போய் உள்ளதச் சொல்லுங்க, ஏசுவாங்கன்னு பயந்து மறைச்சா அவங்க எல்லாம் ஒழுங்காப் போட்டதா நெனச்சு தப்பான முடிவு எடுப்பாங்க.

குளிசை போட்டும் காய்ச்சல் வந்தா

வரலாம். அப்பிடி வந்தா தடுப்புக் குளிசைய ரெண்டு கூடப் போட்டு சமாளிக்கப் பாக்காதீங்க, நோய் வந்தப்புறம் வைத்தியத்துக்கான அளவு வேற, நாளும் வேற. எலிக்காய்ச்சல்னா காய்ச்சலோட கெண்டைக்கால் தொட முடியாத அளவுக்கு வலிக்கும், கண்ணு சிவக்கும், தல கடுமையா இடிக்கும். மூத்திரம் கொறஞ்சா, கண்ணு மஞ்சளானா கிட்னியும் ஈரலும் மாட்டுதுன்னு அர்த்தம். பெனடோல் போட்டு ரெண்டு நாள் பாப்போம்னு மலைக்கு வேலைக்குப் போகாதீங்க. டெங்குவும் இதே மாதிரி தொடங்கலாம், அதனால புருஃபன், அஸ்பிரின், டிஸ்பிரின் எதுவும் போடாம இரத்தம் சோதிக்கப் போங்க.

டொக்டர்கிட்ட ரெண்டு விஷயத்த நீங்களாச் சொல்லணும், வரிசையில நூறு பேர் நிக்கும்போது அவருக்குக் கேக்க நேரம் இருக்காது. ஒண்ணு, "நான் வயல்ல வேல செஞ்சேன், இன்ன குளிசைய இத்தன கிழமையா போடுறேன்". ரெண்டு, "நான் ஆப்பிரிக்காவுல இருந்து, இந்தியாவுல இருந்து இன்ன மாசம் வந்தேன்". ரெண்டாவதச் சொல்லாட்டி நம்ம ஊர்ல எந்த டொக்டருக்கும் மலேரியா ஞாபகத்துக்கு வராது, நாட்டுலயே இல்லாத நோய் பாருங்க. வந்து ஒரு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சுன்னாலும் சொல்லுங்க, ஒரு வகை மலேரியா ஈரல்ல மாசக்கணக்கா கெடந்து எழும்பும், நீங்க போட்ட குளிசை அத ஒண்ணும் செஞ்சிருக்காது. ஆப்பிரிக்கா வகை சில நாள்லயே ஆளக் கொன்னுரும்.

ஆள் தடுமாறினா, மூச்சு வாங்கினா, மூத்திரமே போகலன்னா லொறிக்கும் ஓட்டோவுக்கும் காத்துக்கிட்டு நிக்காம 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்துப் பேர், டிவிஷன் பேர், மெயின் ரோட்டுல எந்த எடத்துல எறங்கி வரணும்னு தெளிவாச் சொல்லுங்க, லயத்து ரோடு மோசம்னா ஆள மெயின் ரோட்டுக்குக் கொண்டு வந்து வச்சிருங்க, போட்டுக்கிட்டு இருந்த குளிசை உறையையும் கிளினிக் கொப்பியையும் கூடவே அனுப்புங்க.